போலோ ஜிடிக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கேன், எதுல போடலாம்?

கொல்லிமலை70 (பெல்லந்தூர்)

வணக்கம்ங்க. ஊரு நாமக்கல் பக்கம். ஏழு வருசமா பெங்களூர்ல ஐடி வேலை. போன மார்ச்ல 2017 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 1.2 டர்போ பெட்ரோல், 7 கியர் டிஎஸ்ஜி (தானா கியர் மாத்தற ரெட்டை க்ளட்ச் பெட்டி), 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் இழுவை. காலேஜ் ஹாஸ்டல் சுவத்துல ஒட்டி வெச்சிருந்த வண்டி இது. 2022ல கம்பெனி போலோவையே நிறுத்திட்டாங்க, இனி புதுசா வாங்க வழியில்லைன்னு ஆனதும் ஆசை இன்னும் ஏறிடுச்சு.

ஓட்டம் எப்படின்னா, வாரநாள்ல வீட்டுக்கும் ஆபீசுக்கும் அவுட்டர் ரிங் ரோடு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியா ஊருக்கு. ஊருக்குப் போனா கொல்லிமலை கட்டாயம்; காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. எங்க அம்மா கையில எலுமிச்சம்பழம் இல்லாம அந்த மலைக்கு ஏறவே மாட்டாங்க.

போனஸ்ல ஒன்றரை லட்சம் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மனசுல இருக்கிற லிஸ்ட்: ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபைலை மாத்தி சக்தியைக் கூட்டறது), ஓப்பன் ஏர் ஃபில்டர், 17 இஞ்ச் அலாய், வண்டியை இறக்கற ஸ்பிரிங், சத்தம் கொஞ்சம் தடிப்பா வர மாதிரி ஒரு சைலென்சர். எல்லாத்தையும் ஒரே சமயத்துல பண்ண காசு பத்தாது. எதை முதல்ல பண்ணலாம், எதை விட்டுடலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

என்லைன்காரன் (எச்எஸ்ஆர் லேஅவுட்)

ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஸ்டேஜ் 1 போடு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். லேப்டாப்பைச் சொருகி ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடுவாங்க, ஒரு நட்டு கழட்ட வேண்டாம். பெங்களூர் 900 மீட்டர் உசரம், காத்து மெலிசு. டர்போ இல்லாத வண்டி இங்க மூச்சு வாங்கும். டர்போ வண்டி காத்தை அழுத்தி உள்ளே தள்ளறதால அந்தக் குறையைத் தானே ஈடு கட்டிக்கும், அதனால இந்த ஊருக்கு டர்போதான் ராஜா. நான் ஐ20 என் லைன் ஓட்டறேன், 120 பிஎஸ். அதுவே பத்தலைன்னு இருக்கு. வாரண்டி முடியற நாளை காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.

ஹலசூர் தேள்

தம்பி, கொல்லிமலை, கொஞ்சம் பொறுங்க. நான் சொல்றது நீளமா இருக்கும், டீ போட்டுக்கிட்டு வந்து படிங்க.

நான் ஹலசூர்லயே பொறந்து வளர்ந்தவன். பீன்யாவுல டூல் ரூம் வேலை, 28 வருசம். 2016 ஜனவரியில ஃபியட்டோட அபார்த் புன்டோ எடுத்தேன். தேள் சின்னம் போட்ட வண்டி, பேரு அதுனாலதான். 1.4 டர்போ, 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர், நாலு சக்கரத்துலயும் டிஸ்க். 2015 அக்டோபர்ல டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம்னு அறிவிச்சாங்க. அந்த விலைக்கு அவ்வளவு சக்தியுள்ள ஹேட்ச்பேக் அன்னிக்கு வேற கிடையாது. ஃபியட் கம்பெனி இந்தியாவுல கார் விக்கறதையே விட்டுடுச்சு. நான் அந்த வண்டியை இன்னும் விடல.

எங்க வீட்ல பால் கணக்கு நோட்டு ஒண்ணு இருக்கும். அதோட கடைசிப் பக்கத்துல இருந்து தலைகீழா வண்டிச் செலவை எழுதறது என் பழக்கம். நீங்க போட்ட லிஸ்டைப் பார்த்ததும் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். உங்க லிஸ்டும் என் 2017ஆம் வருசப் பக்கமும் அப்படியே ஒண்ணா இருக்கு, ரீமேப் மட்டும்தான் இல்ல.

ஓப்பன் ஃபில்டர், 9,500. கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி மூடி இருக்கும், முன்னாடி கிரில் பக்கத்துல இருந்து வெளிக் காத்தை இழுக்கும். நான் போட்டது இன்ஜினுக்குப் பக்கத்துல கூம்பு மாதிரி திறந்து நிக்கும். சில்க் போர்டு சிக்னல்ல பத்து நிமிசம் நின்னா பானெட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்துதான் அதுக்குச் சாப்பாடு. புஸ் புஸ்னு சத்தம் வந்துச்சு, அது உண்மை. இழுவை கூடல. ரெண்டு மாசத்துல கழட்டி வெச்சிட்டேன், பரண்ல இருக்கு.

சைலென்சர், 31,000. ஊருக்குள்ள கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஹைவேயில 2,500 ஆர்பிஎம் சுத்துப்பட்டுல ஒரே ரீங்காரம். அத்திபள்ளி டோல் தாண்டறதுக்குள்ள எங்க வீட்டம்மா "காதுல வண்டு பூந்த மாதிரி இருக்குங்க"ன்னாங்க. அடுத்த தடவை ஊருக்கு அவங்க ட்ரெயின்ல வந்தாங்க.

இறக்கற ஸ்பிரிங், கூலியோட 26,000. அபார்த் ஏற்கெனவே 155 மில்லிமீட்டர் உசரம்தான். அதுல இன்னும் 30 இறக்கினேன், என் புத்தியைப் பாருங்க. எங்க தெருவுல பஞ்சாயத்து இல்லாமலே ஆளாளுக்குப் போட்ட ஹம்ப் நாலு இருக்கு. ஒவ்வொண்ணையும் குறுக்கால, ஒரு சக்கரம் ஒரு சக்கரமா, நண்டு மாதிரி ஏறி இறங்கணும். ஷாக் அப்சார்பர் கம்பெனியோடது, ஸ்பிரிங் மட்டும் குட்டை. மேடு பள்ளத்துல ஷாக் அடிவரைக்கும் போய் டக்குனு முட்டும். வளைவுல நல்லா போகணும்னு போட்டது, மேடு பள்ளம் இருக்கிற வளைவுல முன்னைவிட மோசமா குதிச்சுது. ஏழாவது மாசம் கழட்டி 9,000க்கு வித்தேன்.

அடுத்தது அலாய். இதை மட்டும் விவரமா சொல்லியே ஆகணும்.

17 இஞ்ச், பார்க்க இத்தாலிக்காரன் செஞ்ச மாதிரியே இருக்கும், நாலும் சேர்த்து 48,000. மாட்டிக்கிட்டு வந்த அன்னிக்கே 90ல ஸ்டியரிங் நடுக்கம். கடைக்காரர் பேலன்சிங் பண்ணிக் கொடுத்தாரு. அப்பவும் நடுக்கம். ரோடு சரியில்லைன்னாரு. சரி, நம்ம தொழிலே அளக்கறதுதானேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சக்கரத்தைக் கழட்டித் திண்ணையில குப்புறப் போட்டு வெர்னியர் எடுத்தேன். நாலு போல்ட் வண்டின்னா அளக்கறது சுலபம்: ஒரு ஓட்டையோட இடது விளிம்புல இருந்து எதிர் ஓட்டையோட இடது விளிம்பு வரைக்கும் வெச்சா அதுதான் பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைங்க நிக்கற வட்டத்தோட விட்டம். சரியா 100 காட்டுச்சு. ஃபியட்டோட பிசிடி 98.

ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு தோணும். ஒவ்வொரு போல்ட்டும் அது உக்கார வேண்டிய இடத்துல இருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, சாஞ்சு உக்காந்திருக்கு. போல்ட்டைக் கழட்டி வெளிச்சத்துல பார்த்தா, கூம்பான அடிப்பக்கத்துல ஒரு ஓரத்துல மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு, மறுபக்கம் கருப்பு பெயிண்ட்கூட போகல. அந்த நாலு போல்ட்டை நம்பி பொண்டாட்டி பிள்ளையை உக்கார வெச்சு 120ல போயிட்டு வந்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

சந்தேகத்துல இன்னொண்ணும் பண்ணேன். பழைய பேப்பர் கடைக்காரர்கிட்ட கொக்கித் தராசு இருக்கு இல்லையா, அதுல டயரோட சேர்த்து மாட்டிப் பார்த்தேன். பழைய 16 இஞ்ச் 17 கிலோ, புதுசு 21 கிலோ. ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு மூலைக்கு நாலு கிலோ கூடினா வண்டி கிளம்பவும் சோம்பும், நிக்கவும் சோம்பும், குழியில விழுந்தா அடியும் பலமா இருக்கும். பேப்பர்காரர் "சார், இதை எடைக்குப் போடறீங்களா"ன்னு கேட்டாரு. போட்டிருக்கலாம்.

உங்க போலோவுக்கு அஞ்சு போல்ட், பிசிடி 100, நடு ஓட்டை 57.1 மில்லிமீட்டர். கடையில கிடைக்கிற பல அலாய்க்கு நடு ஓட்டை பெருசா இருக்கும், இடைவெளியை நிரப்ப வளையம் வேணும். அதைவிட முக்கியமா, உங்க கம்பெனி போல்ட்டோட அடி உருண்டையா இருக்கும், வெளி அலாய் பெரும்பாலும் கூம்பு போல்ட்டுக்குச் செஞ்சது. உருண்டையைக் கூம்புல இறுக்கினா ஒரு கோடு அளவுதான் தொடும். கடைப் பையன் பழைய போல்ட்டையே எடுத்து கன்ல டர்ர்ருனு முடுக்கிடுவான். நீங்க பார்த்துக்கிட்டு நில்லுங்க. முறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்லதான் (முறுக்கத்தை அளந்து இறுக்கற ஸ்பேனர்) கடைசித் திருகு.

இவ்வளவையும் பண்ணிட்டு 2019 மே மாசம் குடும்பத்தோட ஏற்காடு போனேன். திரும்பி இறங்கறப்ப பாதி வளைவுகூட தாண்டல, பிரேக் பெடல் தண்ணியில ஊறின பஞ்சு மாதிரி உள்ளே போகுது. ரெண்டு தடவை மிதிச்சாத்தான் பிடிக்குது. செகண்ட் கியருக்கு வந்து, கை பிரேக்கையும் பிடிச்சு ஓரங்கட்டினேன். காரணம் என்ன தெரியுமா? வண்டி எடுத்ததுல இருந்து பிரேக் ஆயிலே மாத்தல. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4ங்கற தரத்து ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் சேர்ந்துட்டா 155 போதும்னுதான் தரமே சொல்லுது. கொதிச்சா குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதான் பஞ்சு. ஒரு லட்சத்துக்கு மேல அலங்காரம் பண்ணவன் ஆயிரம் ரூபாய் வேலையை மூணு வருசமா தள்ளிப் போட்டிருக்கேன்.

அதனால நீங்க முதல்ல 78,000 ஓடின வண்டியைப் புது வண்டி ஆக்குங்க. நீங்க இன்னும் ஜிடி டிஎஸ்ஐ ஓட்டியே பார்க்கல தம்பி, தேஞ்சு போன ஜிடி டிஎஸ்ஐதான் ஓட்டியிருக்கீங்க. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், இன்ஜின் மவுண்ட், சக்கரத்தையும் இன்ஜினையும் பிடிச்சிருக்கிற இந்த நாலையும், வண்டியை லிஃப்ட்ல தூக்கி கடப்பாரை போட்டு நெம்பிப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில். டயர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். அதைப் படிச்சு இங்க எழுதுங்க. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

கிளெய்ம் அக்கா (வைட்ஃபீல்ட்)

தேள் அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு. நான் பன்னெண்டு வருசமா மோட்டார் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கறவ, அதனால கொஞ்சம் கசப்பாவே சொல்றேன்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படிச்சுப் பாருங்க. கம்பெனி குறிப்பிட்ட அமைப்புல இருந்து ஆர்சி விவரம் மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிடுச்சு. 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைக்கும் இடம் இருக்கு. சைலென்சர் சத்தத்துக்கு ரோட்டுல யாராவது நிறுத்தினா அது தனிக் கதை.

என் மேஜைக்கு வர்ற கதை வேற. விபத்தான வண்டி போட்டோல சக்கரம் ஒரு அளவு, ஆர்சியும் பாலிசியும் வேற ஒரு வண்டியைச் சொல்லும். வண்டியில மாற்றம் பண்ணா இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லணும். சொல்லாம விட்டா அங்கதான் பேச்சு நீளும். ரீமேப் பண்ணதையும் எழுதிக் கொடுங்க. ஒத்துக்கலைன்னா, அதுவும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி ஆச்சு இல்ல?

அப்புறம் யாராவது "ட்ராக்ல ஓட்டிப் பாருங்க"ன்னு சொல்லுவாங்க. சாதாரணப் பாலிசி ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. இடிச்சா உங்க காசு.

நான் ஓட்டறது பலேனோ ஆர்எஸ். 102 பிஎஸ், சுத்தமான ஸ்டாக், கம்பெனி கொடுத்தபடியே. சிரிக்காதீங்க.

கொல்லிமலை70

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றிங்க. தேள் அண்ணா பதிவைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே டார்ச் அடிச்சுக்கிட்டு பேஸ்மெண்ட்ல டயரைச் சுத்தி உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து விசாரிச்சாரு.

முன் டயர் ரெண்டும் 2219. பின்னாடி ஒண்ணு 1420, இன்னொண்ணு வேற கம்பெனி, 0918. அதாவது நாலு டயர்ல மூணு வயசு, ரெண்டு கம்பெனி! இதை வெச்சுக்கிட்டு 17 இஞ்ச் கனவு கண்டுட்டு இருந்திருக்கேன்.

சனிக்கிழமை ஒரு மெக்கானிக்கிட்ட லிஃப்ட்ல ஏத்தினேன். இடது லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் கிழிஞ்சு தொங்குது. லிங்க் ராடு ரெண்டும் ஆட்டம். பிரேக் ஆயில்ல பேனா மாதிரி ஒரு டெஸ்டரை விட்டாரு, சிவப்பு லைட் எரிஞ்சுது. முன் பிரேக் பேட் பாதிக்குக் கீழ. பழைய ஓனர் சர்வீஸ் எல்லாம் சரியா பண்ணதாத்தான் சொன்னாரு...

இப்ப ரெண்டு கேள்வி. டயர் 185/60 ஆர்15 இருக்கு. 195 போகலாமா? அப்புறம், எல்லாத்தையும் சரி பண்ணிட்டா ரீமேப் பண்ணலாம்தானே? மனசு இன்னும் அங்கேயேதான் சுத்துது.

ஹலசூர் தேள்

வாட்ச்மேன்கிட்ட மாட்டினது நல்ல சகுனம்.

டயர் கணக்கு: 185/60 ஆர்15 மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர். 195/60 ஆர்15 போட்டா 615. ரெண்டு சதவீதம் பெருசு; மீட்டர் 100 காட்டறப்ப நிஜத்துல 102ல போவீங்க. வண்டி ஆறு மில்லிமீட்டர் உசரும், பெங்களூருக்கு அது வரம். அதே ரிம்முல உக்காரும், லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கற எடையைச் சொல்ற எண்) குறையாம மட்டும் பார்த்துக்கோங்க. இதுவும் கம்பெனி அளவுல இருந்து மாறினதுதான், அக்கா சொன்ன மாதிரி இன்சூரன்ஸ்ல எழுதிக் கொடுங்க. மனசு உறுத்தினா 185லயே நல்ல டயர் போடுங்க. பத்து மில்லிமீட்டர் அகலத்தைவிட ரப்பர் தரமும் வயசும்தான் பெருசு. 17 இஞ்ச்க்குப் போடற 205/45ல பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர்தான், உங்களோடது 111. அந்த 19 மில்லிமீட்டர் ரப்பர்தான் அவுட்டர் ரிங் ரோடு குழிக்கும் உங்க ரிம்முக்கும் நடுவுல நிக்குது.

யோகோஹாமா, மிஷெலின், கான்டினென்டல், எது புது தேதியில கிடைக்குதோ அதை எடுங்க. நாலும் ஒண்ணா. மழையில எப்படிப் பிடிக்குதுன்னு கேளுங்க, எத்தனை கிலோமீட்டர் வரும்னு கேக்காதீங்க. கல்லு மாதிரி உழைக்கிற டயர் கல்லு மாதிரிதான் பிடிக்கும்.

ரீமேப் விசயம். நான் வேண்டாம்னு சொல்லல, இப்ப வேண்டாம்னு சொல்றேன். உங்க டிஎஸ்ஜி டிகியூ200ங்கற மாடல், உலர் க்ளட்ச், அதாவது ஆயில்ல முங்காதது. அது 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்னு கணக்குப் போட்டுச் செஞ்சது. ஸ்டாக்ல 175ங்கறதால நடுவுல நல்ல இடைவெளி இருக்கு. ரீமேப் அந்த இடைவெளியைத்தான் சாப்பிடும். புது க்ளட்ச்னா சரி. உங்களோடது 78,000 கிலோமீட்டர், அதுல பாதி பெல்லந்தூர் டிராஃபிக்ல ஊர்ந்தது. முதல்ல ஸ்கேனர் போட்டு க்ளட்ச் அடாப்டேஷன் அளவை (தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி பெட்டி தன்னைச் சரி பண்ணிக்கிட்ட அளவு) பார்க்கச் சொல்லுங்க. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறறப்ப உதறல் இருக்கான்னு கவனிங்க. உதறல் இருக்கிற பெட்டியில ரீமேப் போடறது, ஓட்டை வாளியில நல்ல தண்ணி மொள்ற கதை.

பண்றதா இருந்தா எந்தப் பெட்ரோலுக்கு எழுதின ஃபைல்னு கேளுங்க. பெங்களூர்ல ஆக்டேன் (இன்ஜின் தட்டாம எரியற தரம்) அதிகமான பெட்ரோல் சுலபமா கிடைக்கும். ராசிபுரம் தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்குக் கிடைக்கப் போறது சாதா பெட்ரோல். அதிக ஆக்டேனுக்கு எழுதின ஃபைல்ல சாதா ஊத்தினா இன்ஜின் தட்டும், நாக் சென்சார் அதைக் கேட்டு இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடற நேரம்) பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கின சக்தியை அதுவே திருப்பி எடுத்துக்கும்.

காசு செலவில்லாத ஒண்ணு சொல்றேன், இதை மறக்காதீங்க. கொல்லிமலை இறங்கறப்ப டி-ல (தானா கியர் மாத்தற நிலை) விடாதீங்க. பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு அது மேல் கியருக்குப் போயிடும், இன்ஜின் பிடிப்பே இருக்காது, பிரேக் ஒண்ணே எல்லாத்தையும் சுமக்கும். லீவரை எம் (நாமளே கியர் மாத்தற நிலை) பக்கம் தள்ளி ரெண்டுல வெச்சு இறங்குங்க. ஏறறப்ப முன்னாடி பஸ் நின்னா ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சே வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, க்ளட்ச் வெந்துடும். பிரேக்கை மிதிச்சு நில்லுங்க, இடம் விட்டதும் ஒரேயடியா கிளம்புங்க.

என்லைன்காரன்

தேள் அண்ணே, ஏழாவது மாசம் கழட்டின ஸ்பிரிங் கதையைப் படிச்சுட்டு நான் புக் பண்ணியிருந்த ஸ்பிரிங்கை கேன்சல் பண்ணிட்டேன். அட்வான்ஸ் 5,000 போச்சு. நீங்க ரெண்டு நாள் முன்னாடி எழுதியிருக்கலாம்.

கிளெய்ம் அக்கா

5,000தானே? நோட்டுல எழுதி வை.

கொல்லிமலை70

ரெண்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். கணக்கை அப்படியே வெக்கறேன். நாலு டயர் 195/60, அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 32,600. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஒரு இன்ஜின் மவுண்ட், கூலியோட 21,400. முன் பேட், டாட் 4 ஆயில் 7,900. பிளக், ஃபில்டர், த்ராட்டில் கிளீனிங் 6,300. மொத்தம் 68,200. இன்சூரன்ஸ்காரங்களுக்கு டயர் அளவு பத்தி மெயில் போட்டுட்டேன் அக்கா, பதிலும் வந்துடுச்சு.

க்ளட்ச் ஸ்கேன் பண்ணதுல இன்னும் கொஞ்ச காலம் ஓடும்னாங்க, ஆனா புதுசு இல்ல. அதனால மிச்சம் 81,800ஐத் தொடல. அது க்ளட்ச் உண்டியல். ரீமேப் கடைக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணாரு. ரெண்டாவது தடவை எடுக்கல, எடுத்தா சரின்னு சொல்லிடுவேன்னு பயம்.

போன வாரம் ஊருக்குப் போயிட்டு அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். முதல் பத்து வளைவுலயே தெரிஞ்சுடுச்சு. முன்னாடி ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டுத் திரும்பும், அதுதான் போலோ குணம்னு நினைச்சிருந்தேன். அது கிழிஞ்ச ரப்பரோட குணம்ங்கண்ணா. இப்ப கை திரும்பறப்பவே மூக்கும் திரும்புது. அதே 105 பிஎஸ், ஆனா வளைவுக்கு முன்னாடி அநாவசியமா பிரேக் பிடிக்கறது குறைஞ்சதால மேல போய்ச் சேர்ந்ததே முன்னைவிடச் சீக்கிரம். இறங்கறப்ப எம்-ல ரெண்டாவது கியர். அடிவாரத்துல நின்னு சக்கரத்துக்குப் பக்கத்துல கையை வெச்சுப் பார்த்தேன், சூடு இருந்துச்சு, அந்தக் கருகல் வாசனை இல்ல. பெடல் மேல எப்படி இருந்துச்சோ அப்படியே கீழயும் இருந்துச்சு.

அம்மா 70 வளைவையும் போர்டு பார்த்து எண்ணிக்கிட்டே வந்தாங்க. எலுமிச்சம்பழத்தைக் காரவள்ளியில டீக்கடைக்காரர்கிட்டயே கொடுத்துட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம். டயர் கடையில போல்ட்டை கன்லதான் முடுக்கினாங்க, நான் நின்னு சொல்லியும் கேக்கல. 120 சரியா இருக்குமான்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

ஹலசூர் தேள்

ரெண்டு மாசமா அப்படியேவா ஓட்டறீங்க? ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஹலசூர் ஏரி பக்கம் வந்துட்டுப் போன் போடுங்க, டார்க் ரென்ச் என்கிட்ட இருக்கு. ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்திட்டுத் திரும்ப இறுக்கணும், கால் மணி நேர வேலை. டிஃபன் சாப்பிடாம வாங்க, வீட்ல ஆப்பம்.

என்லைன்காரன்

அண்ணே, நானும் வரலாமா? என் டயர்ல 3421ன்னு போட்டிருக்கு.